முன்னோரும் பின்னோரும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலம் கண்ணுக்குப் புலனாவதன்று. கையால் தொடுதற்கும் இயலாதது. ஆயினும் மனிதன் அதனைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. காணாத ஒன்றைப் பேசுவதற்குக் கண்ட ஒன்றையே அவன் துணையாகக் கொள்கின்றான். அதனால் உலக மொழிகள் பலவும் இடத்தைக் குறிக்கும் சொற்களைக் கொண்டே காலத்தையும் குறிக்கின்றன. 'வீட்டிற்கு முன்' என்றால் இடம். 'விடிவதற்கு முன்' என்றால் காலம். சொல் ஒன்றே.

அங்ஙனமாயின், மொழி வேறுபட்டால் காலத்தைப் பற்றிய எண்ணமும் வேறுபடுமோ? வேறுபடும் என்றார் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் லீ வோர்ஃப். ஹோப்பி என்னும் பழங்குடி மக்களின் மொழியில் காலத்தைச் சுட்டும் சொற்களே இல்லை என்பது அவர் கூற்று. 1941இல் அவர் மறைந்த பின்னரும் அக்கூற்று நெடுங்காலம் உலவியது. எக்கெஹார்ட் மலோட்கி என்பார் அம்மொழியை ஆராய்ந்து, காலத்தைக் குறிக்கும் சொற்கள் அதில் நிறைந்திருத்தலை 1983இல் ஒரு பெருநூலாகவே எழுதிக் காட்டினார். இந்தியில் 'கல்' என்னும் ஒரு சொல்லே நேற்றையும் நாளையையும் குறிக்கும். அதனால் இந்தி பேசுவோர் நேற்றையும் நாளையையும் குழப்பிக்கொள்வதில்லை. வினைச்சொல் ஐயத்தைத் தீர்த்துவிடுகின்றது. ஆகவே மொழி எண்ணத்திற்குப் பூட்டிய விலங்கு அன்று.

விலங்கு அன்றாயினும், அது வழிகாட்டும் கை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாட்டில் ஐமாரா என்னும் மொழி வழங்குகின்றது. அதில் 'நைரா' என்னும் சொல் கண்ணையும் முன்புறத்தையும் குறிப்பதோடு, கடந்த காலத்தையும் குறிக்கும். முதுகுப் புறத்தைக் குறிக்கும் சொல்லே வருங்காலத்தையும் குறிக்கும். கண்டு முடிந்தது கண்ணுக்கு முன்னே உள்ளது. காணாதது முதுகுக்குப் பின்னே உள்ளது என்பது அதன் கருத்துப் போலும். ராஃபேல் நூன்யெஸ், ஈவ் ஸ்வீட்சர் என்னும் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, அம்மொழி பேசும் முதியோர் பழங்காலத்தைச் சொல்லுங்கால் கையை முன்னே நீட்டினர். வருங்காலத்தைச் சொல்லுங்கால் தோளுக்குப் பின்னே காட்டினர். ஸ்பானிய மொழியில் தேர்ந்த இளையோரோ வருங்காலத்தை முன்னே காட்டலாயினர்.

தமிழ் இதனை எங்ஙனம் கொள்கின்றது? முன்பு வாழ்ந்தவரை 'முன்னோர்' என்கின்றது. பின்பு வருபவரைப் 'பின்னோர்' என்கின்றது. ஆனால் வருங்காலத்தை 'எதிர்காலம்' என்று முகத்துக்கு நேரே நிறுத்துகின்றது. வளர்ச்சிக்கோ 'முன்னேற்றம்' என்று பெயர். சென்றவரும் முன்னே, வருவதும் முன்னே என்றால் முரண் அன்றோ? முன்னோரையே முன்னிறுத்தும் மொழி முன்னேற்றத்தை எங்ஙனம் நோக்கும் என்று வினவுவாரும் உளர்.

இதற்கு விடை திருவீதியுலாவில் உள்ளது. வைணவத் திருக்கோயில்களில் பெருமாள் எழுந்தருளுங்கால் திவ்வியப் பிரபந்தம் ஓதுவோர் முன்னே செல்வர். வேதம் ஓதுவோர் பின்னே வருவர். தன் வீட்டு வாயிலில் தட்டேந்தி நிற்கும் மூதாட்டி ஒருத்தியை எண்ணிப் பார்க்க. பிரபந்த கோஷ்டி அவளைக் கடந்து சென்றுவிட்டது. பெருமாள் அவள் வாயிலில் நிற்கின்றார். வேத கோஷ்டி இனித்தான் அவளுக்கு எதிரே வரவேண்டும். கடந்தது, நிகழ்வது, எதிர்வருவது என்னும் மூன்றும் அங்கு உள்ளன. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று தொல்காப்பியம் பெயரிட்ட முக்காலமும் இவையே. இக்காலத்தில் சாதலையே நினைப்பூட்டும் 'இறத்தல்' என்னும் சொல்லுக்குக் கடத்தல் என்பதே பழம்பொருள்.

மூதாட்டியைக் கடந்து சென்றவர் மறைந்துவிடவில்லை; வரிசையில் முன்னே நடந்துகொண்டிருக்கின்றனர். அவளுக்கு எதிரே வருவோர் வரிசையில் பின்னே வருகின்றனர். 'முன்னோர்' என்பது வரிசை நோக்கிய சொல். 'எதிர்காலம்' என்பது வாயிலில் நிற்பவர் நோக்கிய சொல். 'முன்னேற்றம்' என்பது நடப்பவர் நோக்கிய சொல். இவற்றுள் முரண் இல்லை. முன்னோரைப் பின்பற்றுதல் என்பது பின்னோக்கி நடத்தல் அன்று; அவர் நடந்த திசையில் மேலும் நடத்தலேயாம்.

வரிசை என்றால் பின்னே வருவோரும் உண்டு. அவரை நினைந்தே சோழர் காலக் கல்வெட்டுகள் ஓர் அரிய தொடரை ஆண்டன. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிதற்கு 96 ஆடுகளோ 90 ஆடுகளோ அளிப்பது அக்கால வழக்கம். ஆடுகளைப் பெற்றவர் நாள்தோறும் குறித்த அளவு நெய் அளந்து வருதல் வேண்டும். அவ்வாடுகளுக்குக் கல்வெட்டுத் தந்த பெயர் 'சாவா மூவாப் பேராடு' என்பது. சாகாத, மூப்படையாத ஆடு உலகில் உண்டோ? ஆடு மூக்கும், சாகும். ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் காத்தல் பெற்றவர் கடமை. அளித்தவர் மறைவார், அவர் மகனும் மறைவான். எனினும் சந்திர சூரியர் உள்ளவரை விளக்கு எரியவேண்டும் என்று, இன்னும் பிறவாதவரோடும் அவர்கள் அச்சொல்லால் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

ஆயினும் சொல் தானே விளக்கை எரிப்பதில்லை. பெற்றவர் காக்கத் தவறிய இடங்களில் கல்லில் எழுத்து நிற்க, விளக்கு அணைந்தது. மொழி காலத்தில் ஒருவனுக்குரிய இடத்தைக் காட்டும். அவ்விடத்தில் நின்று செய்ய வேண்டியதைச் செய்தல் அவன் பொறுப்பு. முன்னோருக்குப் பின்னோனாகப் பிறந்தவன், ஒருநாள் தன் பேரனுக்கு முன்னோன் ஆவான். தான் பெற்ற 96 ஆட்டில் ஒன்றும் குறையாமல் அவன் கையில் ஒப்படைப்பவனே அப்பெயருக்கு உரியவன்.