கோடு போடும் முன் கேளுங்கள்

தோழர்களே, திருக்கோகர்ணத்தில் நின்று சென்னை மெட்ரோவைப் பேசுவது ஏன்? நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் நகரம் அது. இரண்டாம் கட்டம் மட்டும் 118.9 கிலோமீட்டர்.

நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடும் மக்கள் கருத்துக்கேட்பும் வேண்டும் என்கிறது 2013 நிலச் சட்டம். அதன் 105ஆம் பிரிவோ, 1978 மெட்ரோ ரயில் சட்டத்துக்கு விலக்கு தருகிறது. 2015இல் ஒன்றிய அரசின் ஆணை இழப்பீட்டையும் மறுவாழ்வையும் மீட்டது, கருத்துக்கேட்பை மீட்கவில்லை.

கேட்காவிட்டால் யாருக்கு இழப்பு? பட்டா உள்ளவர் வழக்கறிஞரோடு போய் விலை பேசுவார். தலைமுறைகளாக நிலம் மறுக்கப்பட்டவருக்கோ 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பெயர்தான் மிஞ்சும். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள், புரியும்.

ரயில் வரட்டும். வரைபடத்தில் கோடு போடும் முன், பட்டா இல்லாத குடிசைக்கும் வந்து கேளுங்கள். அது சலுகை அல்ல, எங்கள் உரிமை.