“எவடம்?” என்று கேட்கும் ஊரில் யாரிடம் அழுவது?



புலம்பெயர்ந்தவர்களின் மனச்சோர்வு, மனப்பதற்றம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நான் இங்கிலாந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நிறம் மனத்தை என்ன செய்கிறது என்று ஓரளவு கணக்கெடுத்த நாடு அது. சாதி என்ன செய்கிறது என்று கேட்கத் தயங்கும் நாடும் அதுதான்.

2000ஆம் ஆண்டு அங்கே ‘எம்பிரிக்’ என்றொரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், கரீபியக் கறுப்பர், ஐரிஷ்காரர், வெள்ளையர் என ஆறு பிரிவினரின் மனநலத்தை விசாரித்தார்கள். அந்தத் தரவுகளை வைத்து சாஃப்ரன் கார்ல்சன், ஜேம்ஸ் நஸ்ரூ உள்ளிட்டோர் 2005இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இனவெறி வசவையும் தாக்குதலையும் சந்தித்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. தன்னை யாரும் திட்டாவிட்டாலும், சுற்றியிருக்கும் சமூகம் இனவெறி கொண்டது என்று உணர்வதே தனியான பாதிப்போடு தொடர்புடையதாக இருந்தது.

இந்த முடிவு நமக்குப் புதிதல்ல. அடி விழுந்தவருக்கு வலிக்கும்; அடி எப்போது விழும் என்று காத்திருப்பவருக்கும் வலிக்கும். சேரியில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆறு பிரிவுகளை மறுபடி பாருங்கள். ‘இந்தியர்’ என்று ஒரே கட்டம். பஞ்சாபில் நிலம் வைத்திருந்த ஜாட்டும், அந்த நிலத்தில் கூலிக்கு உழைத்த தலித்தும் அதே கட்டத்தில் அடைபடுகிறார்கள். 2010இல் பிரிட்டன் அரசே கேட்டு வாங்கிய ஆய்வறிக்கை, வேலையிடத்திலும் பள்ளியிலும் சேவைகளிலும் சாதிப் பாகுபாடு இருப்பதற்கான சான்றுகளைத் தந்தது. அங்கே வாழும் ஒடுக்கப்பட்ட சாதியினர் 50,000 முதல் 2,00,000 வரை, அதற்கு மேலும் இருக்கலாம் என்றது. இவர்களில் ஒருவர் தூக்கமில்லாமல் மருத்துவரிடம் போனால், அவருடைய துன்பத்துக்கு ‘தெற்காசியக் குடும்ப அழுத்தம்’ என்று பெயர் வைப்பது சுலபம்.

சிறுபான்மையினரின் மனநலத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, அவர்களின் மொழி பேசும் ஆலோசகரையோ மொழிபெயர்ப்பாளரையோ அமர்த்துவது. நல்ல தீர்வுதான். ஆனால் லண்டனில் ஈழத்தமிழர் இருவர் சந்தித்தால் கேட்கிற கேள்வியை நினைத்துப் பாருங்கள். “ஊரில எவடம்?” யாழ்ப்பாணத்தில் ஊரையும் குறிச்சியையும் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அந்தக் கேள்விக்கு அஞ்சி வாழ்க்கை முழுக்க மழுப்பிப் பழகிய ஒரு பெண், அதே சமூகத்து மொழிபெயர்ப்பாளர் முன்னால் எதைத் திறந்து பேசுவார்? வெள்ளைக்கார மருத்துவருக்கு அவள் மொழி புரியாது. மொழி புரிந்தவரிடம் அவளுக்குப் பாதுகாப்பு இல்லை.

சட்டமாவது துணை நிற்கிறதா? 2013இல் பிரிட்டன் நாடாளுமன்றம், சாதியைச் சமத்துவச் சட்டத்தில் சேர்க்கும் கடமையை அரசுக்கு விதித்தது. 2018 ஜூலையில் அரசு, சேர்க்கப்போவதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்றது. அது சுட்டிய தீர்ப்பு ஒரு வீட்டுப் பணிப்பெண்ணின் வழக்கில் வந்தது. பீகாரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட ஆதிவாசிப் பெண் அவர். நாளுக்கு 18 மணி நேரம், வாரத்தின் 7 நாளும் வேலை, மணிக்கு 11 பென்ஸ் கூலி, தரையில் படுக்கை. சாதி சில வேளைகளில் ‘இன மூலம்’ என்பதற்குள் அடங்கலாம் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. ‘சில வேளைகளில்’, ‘அடங்கலாம்’. மனம் உடைந்து கிடப்பவர் வழக்கறிஞரைப் பிடித்து, தன் அவமானம் இந்தச் சொற்களுக்குள் வருகிறது என்று மெய்ப்பிக்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. மனநல ஆய்வுகளில், விரும்புகிறவர் மட்டும் பதில் சொல்லும்படி, பெயர் வெளியே போகாத உறுதியோடு சாதி பற்றிய கேள்வி வேண்டும். ஆலோசகருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சாதி பற்றிய பயிற்சி வேண்டும்; ஊரையும் குடும்பப் பெயரையும் துருவக் கூடாது, நோயாளி கேட்டால் ஆளை மாற்றித் தர வேண்டும். சட்டத்தில் சாதி என்ற சொல் எழுதப்பட வேண்டும்.

மாத்திரையும் ஆலோசனையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படுகிறவர் தயங்காமல் போக வேண்டும். ஆனால் அவமானப்படுத்துகிறவரை விட்டுவிட்டு, அவமானப்பட்டவருக்கு மட்டும் மனவலிமைப் பயிற்சி கொடுப்பது மருத்துவம் ஆகாது.

உங்களில் பலர் மேற்படிப்புக்கு வெளிநாடு போவீர்கள். அங்கே ஒரு தமிழரைப் பார்த்தால் சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள், தூங்கினீர்களா என்று கேளுங்கள். எந்தத் தெரு என்று மட்டும் கேட்காதீர்கள்.