நாக்கு மீன் பிடிக்க ஒரு துணை



கோல சிலாங்கூர்ச் சந்தையில் நாக்கு மீனைப் பார்த்திருப்பீர்கள். மலாய்க்காரர் இதை 'லீடா' என்பர். குஞ்சாக இருக்கையில் இதற்குப் பக்கத்துக்கு ஒரு கண். வளரும்போது ஒரு கண் மறுபக்கம் நகர்ந்துவிடும். பிறகு கண்ணில்லாப் பக்கத்தைத் தரையில் வைத்துப் படுத்தே வாழும். ஆகவே ஈயக்குண்டு கட்டிய தூண்டிலைத் தரையோடு விடவேண்டும்.

இதற்குக் காயாக் என்னும் சிறு துடுப்புப் படகு ஏற்றது. உட்கார்ந்தபடி கையாலே செலுத்தலாம். அதனால்தான் அமெரிக்காவில் போரில் காயமுற்ற வீரர்களைத் தொண்டர்கள் இப்படகில் மீன்பிடிக்க அழைத்துப் போகிறார்கள். 1965 போரில் குண்டடிபட்டுக் கால் செயலிழந்த இந்திய வீரர் முரளிகாந்த் பெட்கர், 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வென்றார்.

நம் தோட்டங்களிலும் விபத்தில் காலிழந்து, வீட்டு வாசலே கதியென்று இருப்பவர் உண்டு. அவரை ஒருநாள் அழைத்துப் போங்கள். மிதவைச் சட்டை போட்டுவிடுங்கள். இடம் அறிந்த மீனவர் ஒருவரும் உடன் வரட்டும். கடல் வற்றும் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் படகு சேற்றில் மாட்டிக்கொள்ளும். தூக்குமுன், "எப்படிப் பிடிக்கட்டும், அண்ணே?" என்று அவரையே கேளுங்கள். இரையை அவரே கோக்கட்டும். மீனையும் அவரே இழுக்கட்டும். அன்று குழம்புக்கு மீன் கொண்டுவந்தவர் அவராக இருப்பார்.