விடாமல் கேட்போம்



லூக்கா 18-ம் அதிகாரத்து விதவைக்குப் பணமும் சிபாரிசும் இல்லை. நியாயாதிபதியிடம் விடாமல் போனாள், நியாயம் கிடைத்தது.

நம் காலத்திலும் அப்படி நடந்திருக்கிறது. ஏழை நாடுகள் கடனில் நொடிந்திருந்தபோது, லேவியராகமம் 25-ல் கண்ட யூபிலி வருஷத்தின் பெயரால் 'யூபிலி 2000' இயக்கம் எழும்பிற்று. 1998 மே மாதம் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடிய வேளையில், சுமார் 70,000 பேர் பர்மிங்காம் நகரில் கைகோத்து நின்றார்கள். சபை மக்கள் அஞ்சலட்டைகளும் மின்னஞ்சல்களும் அனுப்பினார்கள். 2 கோடிக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

கடன் தள்ளுபடி உடனே வரவில்லை, படிப்படியாகவே வந்தது. அதன் பலனாக, 2006 ஏப்ரலில் சாம்பியா அரசு கிராமப்புற சுகாதார நிலையங்களில் கட்டணத்தை நீக்கியது. கட்டணத்துக்குப் பயந்து காய்ச்சல்கார பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்கும் தாயின் வேதனையை ஆஸ்பத்திரி ஊழியத்தில் நாங்கள் அறிவோம்.

ஆகவே, ஏழைகளுக்காக அரசுக்கு எழுதும்போது ஒரே கோரிக்கையை எல்லாரும் ஒரே வாரத்தில், மரியாதையாக, அவரவர் சொந்த வார்த்தைகளில் எழுதுவோம். காணிக்கையோடு இதுவும் நம் ஊழியமே. ஜெபித்து எழுதுவோம், பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுவோம்.