ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும் அவர்தம் உணவும்



போர் ஓய்ந்த 2009ஆம் ஆண்டின் பின்னர் நம் மட்டக்களப்பு மாவட்டத்திலும் ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் நம் பெண்மக்கள் விடியுமுன் அடுப்பை மூட்டி, வீட்டாருக்குச் சமைத்து வைத்துவிட்டு, தாம் உண்டும் உண்ணாமலும் பேருந்து ஏறுகின்றனர். அங்கே மணிக்கு இத்தனை உருப்படி என இலக்கு விதிக்கப்படுகின்றது. இலக்குத் தவறினால், "சோம்பேறி" என்ற பழி! அப்பழியையே இன்று நாம் விசாரணைக்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதற் சாட்சி மலையகத் தேயிலைத் தோட்டம். அங்குள்ள தொழிலாளப் பெண்களை ஆராய்ந்த அறிஞர்கள் தம் முடிவை 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டனர். இரத்தசோகையுற்ற பெண்களுக்கு இரும்புச்சத்து அளிக்கப்பட்டது. இரத்தம் தேறியவர்கள் முன்னிலும் கூடுதலாகக் கொழுந்து பறித்தனர். எவர் மிக நலிந்திருந்தனரோ அவரிடமே ஏற்றமும் மிகுந்திருந்தது. கங்காணியின் அதட்டல் செய்யாததை இரும்புச்சத்துச் செய்தது!

இரண்டாம் சாட்சி பெய்ஜிங் நகரத்துப் பஞ்சாலை. 80 பெண்களை 12 வாரங்கள் ஆராய்ந்து 1994இல் வெளியிட்ட முடிவு இது: இரும்புச்சத்துப் பெற்றவர்கள் வேலை செய்கையில் அவர்தம் இதயத் துடிப்புத் தணிந்தது, குறைந்த சக்தியைச் செலவிட்டே தம் வேலையை முடித்தனர். இதன் பொருளை ஊன்றி நோக்க வேண்டும். உடலெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்வது இரத்தம். சுமப்பது குறைந்தால் இதயம் விரைந்து அடித்து அக்குறையை ஈடுசெய்ய வேண்டும். ஆகவே, சோகையுற்ற பெண்ணும் பல நாளில் இலக்கை எட்டிவிடுகின்றாள். ஆனால் அதன் விலையைத் தன் நெஞ்சினாலன்றோ செலுத்துகின்றாள்! மாலையில் வீடு திரும்பும்போது பிள்ளையைத் தூக்கவும் அவளிடம் வலுவில்லை. இந்த நட்டம் எந்த முதலாளியின் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

சோகைக்குக் காரணங்கள் பல. மாதந்தோறும் இழக்கும் இரத்தம், அடுத்தடுத்த பேறு, சோறும் சம்பலுமாய்ச் சுருங்கிய உணவு ஆகியவற்றோடு, உண்டவுடன் பருகும் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடலிற் சேரவிடாது தடுக்கின்றது. (தேநீரை ஒரு மணி நேரம் பிந்திக் குடிப்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை!) 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை ஓராண்டில் 90 வீதத்துக்கு மேல் ஏறியது. அப்போது மீனும் முட்டையும் எவர் தட்டிலிருந்து முதலில் மறைந்தன என்பதை இங்குள்ள தாய்மார் அறிவர்.

மாத்திரை மட்டும் போதாது. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 46ஆம் பிரிவிலே, 250 பேருக்கு மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் உணவுச்சாலை அமைக்கக் கட்டளையிடும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்கு அளித்தது. அதன் நிருவாகத்தில் தொழிலாளருக்கு இடமளிக்கவும் வழி செய்தது. அத்தகைய ஏற்பாட்டையே நாமும் கேட்கின்றோம். கூலியிற் பிடித்தம் கூடாது. உணவுச்சாலைக் குழுவிலே பெண்களே பெரும்பான்மையினராய் இருத்தல் வேண்டும். உற்பத்தி பெருகும் என்பது முதலாளிக்குச் சொல்லும் நியாயம். உழைப்பவள் வயிறார உண்ண வேண்டும் என்பதே நம் நியாயம்.

விவசாயத் தோழர்களே, உங்களுக்கும் இதிலே பங்குண்டு. அவ்வுணவுச்சாலைகளுக்குப் படுவான்கரை நெல்லும், வாவி மீனும், நம் தோட்டத்து முருங்கையிலையும் பொன்னாங்காணியும் நேரே செல்லட்டும். உங்கள் சங்கங்களின் அடுத்த கூட்டத்திலே விலையையும் அளவையும் பேசி முடிவு செய்யுங்கள். மருத்துவ அன்பர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன்வருக. சட்ட வரைவை எழுதும் பொறுப்பு எம்முடையது.