உருவப்படமும் உதவும் விமரிசனமும்

வீட்டுச் சுவரிலே தொங்கும் கறுப்பு வெள்ளை உருவப்படத்தைப் பார்ப்போர் இரண்டு சொற்களுள் ஒன்றைச் சொல்லிப் போவதே வழக்கம். ஒருவர் "நன்றாயிருக்கிறது" என்பார்; மற்றவர் "சரியில்லை" என்பார். முதற்சொல் படம் பிடித்தவரை மகிழ்விக்கும். மற்றைச் சொல் அவரை வருத்தும். ஆனால், அடுத்த படத்தைச் செம்மையாகப் பிடிப்பதற்கு இவ்விரண்டும் உதவமாட்டா. எது நன்று, ஏன் நன்று, எது குறை, அக்குறை எங்கே பிறந்தது, அதனை எவ்வாறு நீக்கலாம் என்னும் வினாக்களுக்கு விடை தருவதே விமரிசனம். அத்தகைய விமரிசனத்தைத் தாமே தேடிச் சென்ற ஒரு பெண்மணியின் வரலாறு, நிழற்படக் கலை பயில்வார்க்கு நல்ல பாடமாகும். அவ்வரலாறு இங்கிலாந்திலே தொடங்கி இலங்கையின் மலைநாட்டிலே முடிகின்றது.

ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். இலங்கை வரலாறு கற்றோர் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவை நன்கு அறிவர். அந்தக் கமரன் துரையே இவ்வம்மையாரின் கணவர். இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பாலுள்ள வைற் தீவில் அவர்கள் வாழ்ந்த காலத்தில், 1863ஆம் ஆண்டின் இறுதியில், மகளும் மருமகனும் அம்மையாருக்கு ஒரு படப்பெட்டியைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. வீட்டுக் கோழிக்கூடு கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பு மனையாயிற்று. நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று.

அக்காலத்திற் படம் பிடித்தல் எளிய செயலன்று. கண்ணாடித் தட்டிற் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன்னரே படம் பிடித்து, உடனே உருத்துலக்கவும் வேண்டும். ஒரு தூசி விழுந்தாற் புள்ளி தோன்றும். விரல் பட்டால் அடையாளம் நிற்கும். நீர் சீராக ஓடாவிடிற் கோடு விழும். படத்துக்கு இருப்பவரோ நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். இவ்வாறு பெற்ற படத்தை முட்டை வெண்கரு பூசிய தாளிலே பதித்தனர். அம்மையாரின் பதிப்புக்கள் சற்றே கபில நிறம் வாய்ந்தவை. எனினும், வண்ணத்தின் துணையின்றி ஒளியும் நிழலுமே பேசும் வகையில், அவை இன்றைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு முன்னோடிகளேயாம்.

1864ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் அவர் தம் படங்களை இலண்டன் நிழற்படச் சங்கத்தின் கண்காட்சிகளுக்கு அனுப்பினார். நிழற்படத் தொழிற் சஞ்சிகைகள் அவற்றைக் கடுமையாகத் தாக்கின. உருவம் தெளிவாக இல்லை. தட்டிலே கறைகள் உள்ளன. இவர் தொழிலை முறையாகக் கற்கவில்லை என்பன அவற்றின் குற்றச்சாட்டுக்கள். கலைச் சஞ்சிகைகளுட் பலவோ அதே படங்களைப் பாராட்டின. தென் கென்சிங்டன் நூதனசாலை 1865இல் எண்பது படங்களை அம்மையாரிடமிருந்து பெற்றுக்கொண்டது. ஒரு சாரார் இகழ்ந்ததை மறுசாரார் புகழ்ந்தனர். இவருள் எவர் சொன்னது சரி?

இரு சாரார் கூற்றிலும் உண்மை இருந்தது. தொழிற் சஞ்சிகைகள் இரண்டு வேறுபட்ட விடயங்களை ஒன்றாகக் கலந்துவிட்டமையே தவறு. கறையும் விரலடையாளமும் கைப்பிழைகள். அவற்றைப் பயிற்சியாலும் பொறுமையாலும் குறைக்கலாம். தெளிவு குறைந்திருத்தல் அவ்வாறன்று. வில்லையைத் திருகிச் செல்கையில், தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவதாகவும், மேலுங் கூர்மையை நாடித் திருகுவதில்லை என்றும் அம்மையாரே பின்னர் எழுதிவைத்தார். எனவே அது கண்ணின் தெரிவு. தெரிவைக் கூடாதென்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அதனைப் பிழையென்று திருத்த முயல்வாராயிற் படத்தின் உயிரே போய்விடும். ஒரு படத்தை மதிப்பிடுவோர் முதலிற் செய்ய வேண்டிய பணி இவ்விரண்டையும் பிரித்தறிதலாகும். அதற்கு எளிய வழி, தீர்ப்புக் கூறுமுன் படம் பிடித்தவரை நோக்கி, "இவ்விடத்தில் எதனைக் கருதினீர்கள்?" என்று வினாவுதல்.

கமரன் அம்மையார் தாக்குதலைக் கண்டு சோர்ந்துவிடவில்லை. புகழைக் கண்டு அமைந்துவிடவுமில்லை. ஜோர்ஜ் பிரெடரிக் வாட்ஸ் என்னும் புகழ்பெற்ற ஓவியர் அவருக்கு நண்பராகவும் வழிகாட்டியாகவும் இருந்தார். அவருக்கு அம்மையார் தம் சிறந்த படங்களை மட்டும் அனுப்பவில்லை. குறையுள்ள பதிப்புக்களையும் அனுப்பி அவருடைய கருத்தை வேண்டினார். வாட்ஸ் ஊக்கமும் அளித்தார், குறையும் எடுத்துரைத்தார். தென் கென்சிங்டன் நூதனசாலை இன்று விக்ரோறியா அல்பேட் நூதனசாலை எனப் பெயர் பெற்றுள்ளது. அங்கேயுள்ள அம்மையாரின் படங்களுள் 67 முன்னர் வாட்ஸிடம் இருந்தவையென ஆய்வாளர் கண்டறிந்தனர். அம்மையார் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைவெய்திய 2015இல் நூதனசாலை நடத்திய கண்காட்சியில் அவற்றுட் சில இடம்பெற்றன.

நல்ல படத்தைக் காட்டிப் பாராட்டுப் பெற எவருக்கும் ஆசையுண்டு. கெட்டுப்போன படத்தைக் காட்டிக் காரணங் கேட்பதற்கே துணிவு வேண்டும். விமரிசனஞ் செய்வாரின் கடமை பெரிதென்றால், அதனைக் கேட்பாரின் கடமையும் சிறிதன்று.

1869இல் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. அம்மையாரின் தட்டுக்கள் பலவற்றின் மேற்பூச்சு வெடித்து, நுண்ணிய கோடுகள் படரத் தொடங்கின. தம்மை முன்னர்க் குறை கூறிய அதே நிழற்படச் சங்கத்தின் கூட்டத்துக்குச் சென்று அவர் காரணம் வினாவினார். மருந்துநீரைத் தட்டிலிருந்து முற்றாகக் கழுவாமை காரணமாகலாமெனச் சிலர் கூறினர். தீவின் ஈரக் கடற்காற்றே காரணமென வேறு சிலர் கூறினர். இங்கே அம்மையாரின் திறமையைப் பற்றிப் பேச்சில்லை. தட்டைப் பற்றியே பேச்சு. மீண்டும் செய்து பார்க்கக்கூடிய பரிகாரமும் அப்பேச்சிலே பிறந்தது. ஆளை விட்டுப் பொருளைப் பேசுவதே விமரிசனத்தின் முறை.

சேர் ஜோன் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞரை அவர் 1867இற் பிடித்த படத்தை எடுத்துக்கொள்ளலாம். நிழற்படத்தை மங்காது நிலைநிறுத்தும் உப்பின் இயல்பை உலகுக்கு உணர்த்தியவர் அவ்வறிஞரே. படம் பிடிக்குமுன் அவருடைய தலையைக் கழுவச் செய்து, வெண்மயிரைக் கலைத்துவிட்டார் அம்மையார். மயிரிழைகள் ஒளியைப் பற்றவேண்டும் என்பதே கருத்து. அலங்கார நாற்காலியில்லை, தூணில்லை, திரைச்சீலையில்லை. கருமையினின்று ஒரு முதுமுகம் மட்டும் வெளிப்படுகின்றது. முகத்தின் ஒவ்வொரு வரியும் தெரிகின்றது. பார்ப்பவர் கண் வேறெங்குஞ் செல்ல இடமேயில்லை.

இப்படத்தைக் கொண்டு பிற உருவப்படங்களை ஆராயும் ஒழுங்கை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, கண் எங்கே செல்கின்றது என்று பார்த்தல் வேண்டும். உருவப்படத்தில் அது முகத்துக்கும், முகத்தினுள் விழிக்கும் செல்லவேண்டும். முகத்தின் பின்னே வெண்ணிறச் சுவரோ பளிச்சிடும் சாளரமோ இருப்பின், கண் அங்கே ஓடிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்தில் மிக வெளிறிய இடமே முதலிற் கண்ணை இழுக்கும் என்பதை மறத்தலாகாது.

இரண்டாவது, ஒளி எத்திசையினின்று வருகின்றது என்று நோக்கல் வேண்டும். நேர்முன்னே வரும் ஒளி முகத்தைத் தட்டையாக்கும். உச்சிவெயில் கண்குழிகளை இருளாக்கும். பக்கத்துச் சாளரத்தின் மெல்லொளி மூக்கையும் கன்னத்தையும் திரட்டிக் காட்டும். நிழற்பக்கம் மிகவும் கருகினால், மறுபக்கத்தில் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தாலே போதும்.

மூன்றாவது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறங்களைக் கவனித்தல் வேண்டும். தோலின் உயிர் அங்கேதான் இருக்கின்றது. முகத்தை வெளிறச் செய்வதே அழகு என்று எண்ணிப் பலர் அதனைச் சுண்ணாம்பாக்கிவிடுகின்றனர். கருந்தோலின் மினுக்கமும் முதியோரின் வரிகளும் குறைகளல்ல. அவையே அம்மனிதரின் அடையாளங்கள்.

இக்குறைகளுட் சில படம் பிடித்த பின்னருந் திருந்தும். இருட்டறையிற் படத்தைப் பதிக்கையில் வெளிறிய மூலைக்கு மேலதிக ஒளி கொடுத்தால் அது கருமையுறும்; கருகிய பகுதியைச் சிறிதுநேரம் மறைத்தால் அது வெளிச்சம் பெறும். இன்று கணினியிலும் இதே முறையே வேறு கருவிகொண்டு செய்யப்படுகின்றது. தேவையற்ற ஓரங்களை வெட்டிவிடலுமாம். ஆனால் படம் பிடிக்கையில் விழியிற் படாத ஒளியைப் பின்னர் எவரும் உண்மையாக உண்டாக்கமுடியாது. ஆகவே, "இதைப் பதிப்பிலே திருத்தலாம், இதை அடுத்த முறை படம் பிடிக்கும்போதே கவனிக்க வேண்டும்" என்று விமரிசனஞ் செய்வார் வகுத்துச் சொல்வாராயின், கேட்பவர் வெறுங்கையுடன் திரும்பார்.

கமரன் அம்மையார் 1875இற் கணவருடன் இலங்கைக்கு வந்தார். களுத்துறையில் வாழ்ந்த காலத்தில் அவ்வூர் மக்களையும் படம் பிடித்தார். 1879ஆம் ஆண்டு சனவரியில் டிக்கோயாவிலே காலமானார். பொகவந்தலாவையிலுள்ள தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் இங்கே பிடித்த படங்களுள் எஞ்சியிருப்பவை மிகச் சிலவே.

அச்சில படங்களைப் பற்றியும் ஒரு விமரிசனம் உண்டு. ஹேர்ஷலின் பெயரை உலகம் அறியும். களுத்துறைப் படங்களிலுள்ளோரோ பெரும்பாலும் குடியானவர் என்றும், பெண் என்றும் மட்டுமே குறிக்கப்பட்டனர். ஒளியில் அவர்களுக்குக் குறைவைக்கவில்லை. பெயரிலேதான் குறை நேர்ந்தது. அக்குறையை இனி எந்த இருட்டறையிலும் நீக்கவியலாது. உருவப்படம் ஒன்றைச் செம்மையாக்க விரும்புவோர் ஒளியையும் பின்னணியையும் ஆராய்ந்த பின்னர், படத்தைத் திருப்பி அதன் பின்புறத்தையும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். அங்கே அம்மனிதரின் பெயரும், ஊரும், திகதியும் இல்லாவிடின், செய்யவேண்டிய திருத்தம் இன்னும் ஒன்று எஞ்சியிருக்கின்றது. அதற்கு ஓர் எழுதுகோல் போதும்; ஆனால் அவரை அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்துவிட வேண்டும்.