வீடியோ விளையாட்டும் வெவ்வேறு திறனும்



"அவன் வீடியோ விளையாட்டில் மகா கெட்டிக்காரன்" என்று பிள்ளைகள் தம்முட் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். "எந்த வகை விளையாட்டில்?" என்று நாம் அவர்களைத் திருப்பிக் கேட்டல் வேண்டும். கிளித்தட்டிலே பிடிபடாது பாய்ந்தோடும் இளைஞன், நாயும் புலியும் ஆட்டத்தில் ஒரு முதியவரிடம் தோற்றுப்போதல் உண்டு. அதனால் அவனை மந்தன் என்று எவரும் கூறுவதில்லை. திரையிலே ஆடும் விளையாட்டுக்களின் நிலையும் அதுவேயாகும்.

முதலில், விரைவை வேண்டி நிற்கும் வகையை எடுத்துக்கொள்வோம். 1978இல் யப்பானில் வெளிவந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். அணியணியாக இறங்கிவரும் பகைவரைச் சுட்டு வீழ்த்துதலே அதிற் செய்ய வேண்டுவது. பகைவர் தொகை குறையக் குறைய எஞ்சியோரின் வேகம் கூடும். வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தமையால் இயந்திரத்தில் இயல்பாகவே நேர்ந்த வேகம் அது. அதனை ஆக்கிய டொமொஹிரோ நிஷிகாடோ அதை மாற்றாது விட்டுவைத்தார். கண்ணும் கையும் ஒருங்கே விரையாதார்க்கு இங்கு வெற்றி இல்லை.

இரண்டாவது, பொருத்தி அடுக்கும் வகை. மொஸ்கோவிலே சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் 'டெட்ரிஸ்' விளையாட்டை ஆக்கினார். நந்நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் விழும். அவற்றைத் திருப்பி இடைவெளியின்றி அடுக்கினால், நிரம்பிய வரிசை மறைந்துபோகும். ஒரு வடிவம் திரும்பினால் எவ்வாறிருக்கும் என்பதை மனக்கண்ணாற் காண வல்லவரே இதிற் சிறப்பர்.

மூன்றாவது, ஆற அமரச் சிந்தித்து ஆடும் வகை. 1991இல் சிட் மையர் ஆக்கிய 'சிவிலைசேஷன்', கி.மு. 4000இல் ஒரு சிறு கூட்டத்தோடு தொடங்குகிறது. நகர் அமைப்பதா, படை திரட்டுவதா, கல்வியை வளர்ப்பதா என்று ஆடுவோர் முறைக்கு முறை தீர்மானிப்பர். அவசரம் இல்லை. ஆனால் இன்று செய்த தெரிவின் பயன் நெடுநேரம் கழித்தே வெளிப்படும். எனக்கு ஓரளவு கைவருவது இந்த வகைதான். முதலாம் வகையிலோ என் மாணவர் முன் ஒரு நிமிடமும் நிலைக்க மாட்டேன்.

ஒன்றிற் பெற்ற வன்மை மற்றொன்றுக்கு உதவுமா? சதுரங்க வல்லுநரை வைத்துச் சேஸ், சைமன் என்னும் இருவர் செய்த ஆராய்ச்சி 1973இல் வெளியாயிற்று. உண்மை ஆட்டத்தின் காய்நிலையைச் சில விநாடி கண்டதும் வல்லுநர் நினைவிலிருந்து அடுக்கினர். காய்களை ஒழுங்கின்றிப் பரப்பியபோதோ அவர்களுடைய மேன்மை பெரிதும் மறைந்தது. டெட்ரிஸில் வல்லவர்கள் அதன் வடிவங்களை மனத்திற் சுழற்றுவதிற் சிறந்திருந்தும், வேறு வடிவங்களில் அத்தகைய மேன்மை காட்டவில்லை என 2002இல் மற்றோர் ஆய்வு கண்டது. விரைவு விளையாட்டு ஆடுவோரின் கட்புலக் கவனம் கூடுதலாக இருந்ததென 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியதும் உண்மையே. ஆயினும் ஒரு விளையாட்டு அறிவு முழுவதையும் வளர்க்கும் என்று இவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

பெற்றோரே, ஆசிரியரே, இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. குறித்த நேரத்துள் விடையெழுதும் பரீட்சையும் ஒருவகை ஆட்டமே. அதில் விரைவுக்குப் பரிசு உண்டு. பொறுமைக்குப் பரிசு குறைவு. அதிலே பின்தங்கிய பிள்ளையைப் பத்து வயதிலேயே 'மக்கு' என்று முத்திரையிட்டுவிடுகிறோம். அந்தப் பேரைச் சுமந்த பிள்ளை, தான் வல்ல துறையையும் தேடாது ஒதுங்கிவிடுவதை வகுப்பறைகளிற் கண்டுவருகிறேன்.

விளையாட்டுக்கு நேர எல்லை வகுத்தல் நம் கடமை. அதனோடு ஒன்று செய்யுங்கள். இன்று மாலை உங்கள் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து, எவ்வகை ஆட்டத்தை அவன் விரும்பி எடுக்கிறான், எதிலே தோற்றபின்னும் மீண்டும் முயல்கிறான் என்று பாருங்கள். பரீட்சைப் பெறுபேற்றுத் தாளில் இல்லாத ஒரு செய்தி அங்கே உங்களுக்குக் கிடைக்கக்கூடும்.